கேம்பர்டவுன் பன்றிகளும் ‘ஓ’ என்ற எழுத்தும்

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரும் என்3 நெடுஞ்சாலையில் முக்கால் தூரம் ஏறியதும் கேம்பர்டவுன் என்ற பலகை கண்ணில் படும். சின்ன ஊர். கரும்பு, கோழிப்பண்ணை, பன்றிப்பண்ணை, அவ்வளவுதான். இறங்கி ஒரு டீ குடிக்கக்கூடக் காரணமில்லாத இடம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கால்நடை வைரஸ்களின் மரபணு வரிசையைப் படிக்கிற வேலைக்கு வந்த பிறகுதான், கோமாரி வைரஸின் வம்சாவளிப் படம் எதை எடுத்தாலும் அதில் இந்த ஊர்ப் பன்றி ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். படத்தில் அதன் பெயர் ஓ/எஸ்.ஏ.ஆர்./19/2000. ஓ என்பது வைரஸின் வகை. எஸ்.ஏ.ஆர். தென்னாப்பிரிக்கா. 19 மாதிரியின் எண். கடைசியில் ஆண்டு.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் நடுவில் அந்தப் பண்ணையில் கோமாரி உறுதியானது. கோமாரி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ‘ஓ’ வகைதான் புதிது. அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் அது பதிவானதே இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஓர் எழுத்தைப் பற்றியதுதான்: அது எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை.

நான் நாமக்கல் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் கோமாரி என்போம். அரசு நோட்டீஸில் ‘கால் மற்றும் வாய் காணை’ என்று இருக்கும். மாட்டுக்கு வந்தால் எச்சில் கயிறு கயிறாகத் தொங்கும், நாக்குத் தோல் உரியும், கறவை நின்றுபோகும். வேப்பிலை கட்டுவார்கள், வாழைப்பழத்தில் நல்லெண்ணெய் தடவி ஊட்டுவார்கள். பன்றிக்கு வருவது வேறு மாதிரி. வாயைவிடக் காலில்தான் முதலில் தெரியும். குளம்பும் தோலும் சேருகிற விளிம்பில் சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல ஒரு வெளுப்பு. இரண்டாம் நாள் அது கொப்புளம். உடைந்தபின் குளம்பு பிடிப்பு விட்டு ஆடும், சிலதுக்குச் செருப்புக் கழல்வதுபோலக் கழன்றே விழும். சிமெண்டுத் தரையில் முட்டிபோட்டு நகர்கிற பன்றியை ஒருமுறை பார்த்தால் அந்தக் கீச்சுக்குரல் ராத்திரியிலும் கேட்கும். நோய் பரப்புவதில் பன்றிக்கு இணை கிடையாது. ஒரு நாளில் அது மூச்சில் விடுகிற வைரஸ் ஒரு மாடு விடுவதைப்போலப் பல நூறு மடங்கு.

ஆனால் கண்ணால் பார்த்து இது கோமாரிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதேபோலக் கொப்புளம் போடுகிற வேறு வைரஸ் நோய்களும் பன்றிக்கு உண்டு. அதனால்தான் மாதிரி. புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோலில் ஒரு கிராம் அளவு எடுத்து, கிளிசரின் கலந்த பஃபரில் (புளிப்பு ஏறாமல் காக்கிற கரைசல்) போட்டு, குளிரில் அனுப்ப வேண்டும். பஃபரின் பி.எச். 7.2க்கும் 7.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். கொஞ்சம் புளித்தாலும் வைரஸ் செத்துவிடும். நாங்கள் சலித்துக்கொள்கிற மாதிரிகளில் பாதி, இந்த ஒரு கிராமையும் பஃபரையும் ஒழுங்காகப் பார்க்காததால் வீணானவை. எவ்வளவு விலையுள்ள எந்திரம் இருந்தும் அழுகிய தோலிலிருந்து வரிசை வராது. பிரிட்டோரியாவுக்கு வடக்கே, 1908இல் தொடங்கிய ஆண்டர்ஸ்டிபோர்ட் ஆய்வு நிலையம்தான் இந்த நாட்டில் கோமாரிக்குக் கடைசி வார்த்தை சொல்லும் இடம். கேம்பர்டவுன் மாதிரியையும் அங்கேதான் பார்த்தார்கள்.

வேலியைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்

அந்த ஆண்டு பிப்ரவரி வெள்ளத்தில் க்ரூகர் தேசியப் பூங்காவின் வேலி பல இடங்களில் அடித்துக்கொண்டு போயிருந்தது. வேலிக்கும் கோமாரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், உள்ளே காட்டெருமைகள் இருக்கின்றன. அவை தொண்டையில் வைரஸை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு, ஒரு கொப்புளம்கூடக் காட்டாமல் மேய்ந்துகொண்டிருக்கும். கோமாரியில் 7 வகை உண்டு: ஓ, ஏ, சி, ஆசியா 1, பிறகு சாட் 1, சாட் 2, சாட் 3. ‘சாட்’ என்பது தெற்கு ஆப்பிரிக்கப் பிரதேசங்கள் என்பதன் சுருக்கம். எருமைகளிடம் இருப்பவை அந்த மூன்றுதான். அவற்றிலும் பூங்காவின் வடக்கே இருக்கிற எருமையின் வைரஸ் வேறு, தெற்கே இருப்பதன் வைரஸ் வேறு. வரிசையைப் பார்த்து எந்தப் பக்கத்து எருமை வெளியே வந்தது என்று சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு அந்தந்த வட்டாரத்துக்கு அந்தந்த வைரஸ் உண்டு.

ஆகவே ஒரு கால்நடை மருத்துவர் செப்டம்பரில் கோமாரி என்று கேட்டதும் பிப்ரவரி வெள்ளத்தை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. (அந்த நினைப்பு முழுக்கப் பொய்யும் இல்லை. அதே ஆண்டு முடிவதற்குள் க்ரூகரை ஒட்டிய ம்பூமலாங்கா மாகாணத்தில் சாட் 1 வந்தது, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வடக்கே சாட் 2.) ஆனால் க்ரூகர் எங்கே, பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிற கேம்பர்டவுன் எங்கே. வழியில் ஒரு மாட்டுக்கும் வராமல் நேராக ஒரு பன்றிப் பண்ணையில் போய் இறங்குவதற்கு எருமைக்கு இறக்கையா இருக்கிறது?

ஆய்வுக்கூடத்திலிருந்து ‘ஓ’ என்று வந்ததும் எருமை கதை முடிந்தது. இன்னொரு தலைவலி தொடங்கியது. ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு வகையைத் தடுக்காது. சாட் மூன்றுக்கும் எதிராகத் தயாராக இருந்த நாட்டில் ‘ஓ’வுக்கு எதிராக ஒரு மாட்டின் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை.

ஏட்டுப் பிழை

‘ஓ’ என்பது மட்டும் தெரிந்தால் போதாது. ஓ வகை ஆப்பிரிக்காவிலேயே உண்டு. கிழக்கே கென்யா பக்கமும் மேற்கே நைஜீரியா பக்கமும் வருடா வருடம் வருவதுதான். லாரியில் மாட்டோடு வடக்கிலிருந்து வந்திருக்கலாமே? இங்கேதான் வரிசை தேவைப்பட்டது.

நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல ஓலைச்சுவடியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பார்கள். ஒரு சுவடியைப் பார்த்து இன்னொருவர் பிரதி எடுக்கும்போது ஓரிடத்தில் ரகரம் றகரமாகிறது. அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதி, தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்க்கிறார். பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடுக்கி வைத்து, ‘இந்த நான்கு ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்கிறது, ஆகவே நான்கும் ஒரு தாய் ஏட்டிலிருந்து வந்தவை’ என்று கண்டுபிடிப்பார்கள். கோமாரி வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 8,300 எழுத்துள்ள ஒரு சுவடி. நான்கே எழுத்து. பிரதி எடுக்கிற நொதிக்குப் பிழை திருத்துகிற பழக்கம் இல்லை. ஒவ்வொரு முழுப் பிரதியிலும் ஏறத்தாழ ஒரு பிழை விழும். பெரும்பாலானவை அங்கேயே அழிந்துபோகும். தங்குபவை அடுத்த விலங்குக்குப் போகும்.

2000இல் முழுச் சுவடியையும் படிப்பது செலவும் நேரமும் பிடிக்கிற காரியம். அதனால் வி.பி.1 என்ற ஒரு பகுதியை மட்டும் படித்தார்கள். வைரஸின் மேலோட்டில் இருக்கிற புரதத்துக்கான பகுதி அது. ஓ வகையில் சுமார் 640 எழுத்து. கணினித் திரையில் பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு நிறத்தில் மலைமலையாக வரும். ஒவ்வொரு முகடும் ஓர் எழுத்து. அதை எழுத்தாக மாற்றி, உலகம் முழுவதிலிருந்தும் வந்த பழைய வரிசைகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். நூற்றுக்கு 15க்கு மேல் வித்தியாசம் என்றால் வேறு வட்டாரத்து வம்சம் என்பது ஓ வகைக்கு வழக்கத்தில் இருக்கிற அளவுகோல்.

கேம்பர்டவுன் வரிசை ஆப்பிரிக்க ஓ எதோடும் ஒட்டவில்லை. அது மத்திய கிழக்கு–தெற்காசியா என்று பெயரிட்ட கிளையில், அதிலும் ‘பான்ஏசியா’ என்ற ஒரு கொத்தில் போய் உட்கார்ந்தது.

இந்தப் பான்ஏசியாவின் பயணத்தைப் படித்தால் பழைய வணிகர்களின் பாதைபோல இருக்கும். கைக்குக் கிடைத்த பழைய மாதிரிகளில் ஒன்று வட இந்தியாவில் 1990இல் எடுத்தது. 1994இல் சவூதி அரேபியா. 1998இல் பூட்டான். 1999இல் சீனா, தைவான். 2000இல் தென் கொரியா, ஜப்பான், மங்கோலியா, ரஷ்யா. கொரியாவில் 1934க்குப் பிறகும், ஜப்பானில் 1908க்குப் பிறகும் கோமாரி வந்தது அதுதான் முதல் முறை. வகையை மட்டும் பார்ப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தைவானே சாட்சி: 1997இல் அங்கே பன்றித் தொழிலையே கவிழ்த்ததும் ‘ஓ’தான், ஆனால் அது காத்தே என்ற வேறு கிளை. இரண்டு வருடம் கழித்து வந்த ஓவுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு ஒட்டு உறவு இல்லை.

ஆசியாவில் சுற்றிக்கொண்டிருந்த வைரஸ். இடையில் இந்துமாக்கடல். கேம்பர்டவுனிலிருந்து அறுபது கிலோமீட்டரில் டர்பன் துறைமுகம்.

டிரம் வண்டி

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ரெய்ஸ்தார்ப் பகுதியில் என் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. டர்பனில் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர்; மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. இந்த ஊர்த் தமிழர்களில் பலருடைய முன்னோர் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். பெரியம்மாவின் பேச்சில் அந்த நூற்றாண்டுத் தமிழ் அப்படியே இருக்கிறது. அவரிடம் கேம்பர்டவுனைப் பற்றிக் கேட்டேன்.

“புரட்டாசி பொறக்க ரெண்டு நாள் இருக்கசொல்ல தம்பி. ரோட்டுல வண்டிய நிறுத்தி டயருக்கு மருந்து அடிச்சாங்க. எங்க வூட்டுல எப்பிடியும் கவுச்சி கிடையாது, அதனால கறிக் கடை பத்தி ஒண்ணும் தெரியல. எங்க அண்ணன் இருந்திருந்தா சொல்லியிருப்பாரு. அவரு டிரம் வண்டி ஓட்டுனவரு.”

டிரம் வண்டி என்றால்? ஓட்டல் ஓட்டலாகப் போய், தட்டில் மிஞ்சியதையெல்லாம் டிரம்மில் கொட்டி எடுத்துவந்து பன்றிக்குப் போடுவது. இங்கே அதற்கு ஸ்வில் என்று பெயர். அவர் அண்ணன் 1970களில் அதைச் செய்தவர். “பெரிய அண்டாவுல போட்டு வெறகு வெச்சி கொதிக்க வெப்பாரு. நாத்தம் தாங்காது. வெறகு வெல ஏறுனா பாதி வேக்காட்டுல எறக்கிடுவாரு, அதயும் சொல்லிடறேன்.”

கேம்பர்டவுன் விசாரணை வந்து நின்ற இடமும் அதுதான். அந்தப் பண்ணையில் பன்றிகளுக்கு டர்பன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் சமையலறைக் கழிவைப் போட்டிருந்தார்கள், வேகவைக்காமல். கசாப்புக்குப் பிறகு இறைச்சி தானாகப் புளிக்கும். தசைக்குள் இருக்கிற வைரஸ் அதில் செத்துவிடும். ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டியிலும் அந்தப் புளிப்பு ஏறாது. குளிரில் வைத்த கறித்துண்டின் எலும்புக்குள் வைரஸ் கடல் தாண்டும். எங்கோ ஓர் ஆசியத் துறைமுகத்தில் ஏற்றிய இறைச்சி, கப்பல் சமையற்காரர் வீசிய எலும்பு, ஒரு டிரம், ஒரு பன்றி. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கிய அதே துறைமுகத்தில், ஆசியாவிலிருந்து இப்படியும் ஒன்று இறங்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கப்பல் என்று வரிசை சொல்லவில்லை. ஆசியா, பான்ஏசியா, ஆப்பிரிக்கா அல்ல, எருமை அல்ல – இவ்வளவுதான் அது சொன்னது. கப்பலைச் சொன்னது டிரம். பண்ணையில் போய், பன்றிக்கு என்ன தின்னக் கொடுத்தாய், எங்கிருந்து வாங்கினாய் என்று ரப்பர் பூட்ஸோடு நின்று கேட்ட ஆட்கள் சொன்னது. வரிசை இல்லாமல் டிரம் மட்டும் இருந்திருந்தால், ‘துறைமுகக் கழிவு தின்றதும் உண்மை, வேலி உடைந்ததும் உண்மை, எதை நம்ப?’ என்று விசாரணை இரண்டு பக்கமும் இழுபட்டிருக்கும். டிரம் இல்லாமல் வரிசை மட்டும் இருந்திருந்தால் ஆசியாவிலிருந்து எப்படியோ வந்தது என்பதோடு அறிக்கை முடிந்திருக்கும். எந்தக் கப்பல், எந்த நாட்டு இறைச்சி என்பதை இரண்டும் சேர்ந்தும் காட்டவில்லை. கப்பல் போய்விட்டது, எலும்பும் போய்விட்டது.

மரபணு வரிசை வந்ததும் குற்றவாளி பிடிபட்டதுபோலப் பத்திரிகைகள் எழுதுவது எனக்கு ஒத்துவருவதில்லை. அடுத்து நடந்தது அதற்கு நல்ல பாடம்.

பிரிட்டனின் அக்கா

2001 பிப்ரவரி 20ஆம் தேதி இங்கிலாந்தில் கோமாரி உறுதியானது. எசெக்ஸில் ஒரு கசாப்புக்கூடத்துப் பன்றிகளில் தெரிந்தது. பின்னோக்கித் தேடியதில் வடக்கே நார்தம்பர்லாந்தில் ஹெடன்-ஆன்-த-வால் ஊர்ப் பன்றிப் பண்ணை ஒன்றில் போய் முடிந்தது. அங்கேயும் எச்சில் தீனிதான். 2,026 பண்ணைகளுக்குப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வைத்த அந்த நோயின் வைரஸும் பான்ஏசியா. அதன் வி.பி.1 வரிசையைக் கையில் இருந்தவற்றோடு ஒப்பிட்டபோது மிக நெருங்கி வந்தது எது தெரியுமா? ஓ/எஸ்.ஏ.ஆர்./19/2000. எங்கள் கேம்பர்டவுன் பன்றி.

உடனே ‘தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு’ என்று அம்புக்குறி போடத் தோன்றும். போடக்கூடாது. சுவடிக்குத் திரும்பிப் போங்கள். கும்பகோணத்தில் ஓர் ஏடு, யாழ்ப்பாணத்தில் ஓர் ஏடு, இரண்டிலும் ஒரே பிழைகள். கும்பகோணத்து ஏட்டைப் பார்த்துத்தான் யாழ்ப்பாணத்து ஏட்டை எழுதினார்கள் என்று ஆகுமா? இரண்டுக்கும் தாய் ஏடு மூன்றாவதாக ஓரிடத்தில் இருந்து, கரையான் தின்று போயிருக்கலாம். வம்சாவளிப் படத்தில் பக்கத்தில் இருப்பது அக்காளும் தங்கையும். தாயும் மகளும் என்று படம் சொல்வதில்லை. அதைவிட முக்கியம், மாதிரி எடுத்தவர்கள் மட்டுமே படத்தில் இருப்பார்கள். ஆசியாவில் அந்த மாதங்களில் கொப்புளம் போட்ட ஆயிரக்கணக்கான மாடுகளில், பன்றிகளில், ஒரு கிராம் தோல் ஆய்வுக்கூடத்துக்குப் போனது எத்தனைக்கு? இரண்டு கண்டங்களிலும் ஒரே மூலத்தின் இறைச்சி தனித்தனியாகப் போயிருக்கலாம் என்பதுதான் இரண்டு வரிசைகளையும் பார்க்கும்போது பொருந்துகிற விளக்கம். அந்த மூலம் படத்தில் இல்லை.

வி.பி.1 மட்டும் படிப்பதன் எல்லையும் அந்த வருடம் தெரிந்தது. கணக்குப் பாருங்கள்: அந்தப் பகுதி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மாறும். 640 எழுத்தில் வருடத்துக்கு ஆறு. இரண்டு மாதத்துக்கு ஓர் எழுத்து. கண்டம் விட்டுக் கண்டம் போனதைச் சொல்ல அது போதும். போன வாரம் வந்த பண்ணையிலிருந்து இந்த வாரம் வந்த பண்ணைக்குப் போனதா என்று கேட்டால் இரண்டு வரிசையும் ஒன்றாகவே இருக்கும். பிறகு பிரிட்டனில் 2001 மாதிரிகளைத் திரும்ப எடுத்து முழு 8,000 சொச்சம் எழுத்தையும் படித்தார்கள். பண்ணைக்குப் பண்ணை சில எழுத்து வித்தியாசம் வந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று ஒரு சங்கிலியே போட முடிந்தது. அப்போதும் தொற்றிய தேதிகளையும் பண்ணைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் போட்டார்கள்.

எழுத்து மாறுகிற இந்த வேகம் ஒரு கடிகாரம் மாதிரி. 2007 ஆகஸ்டில் தென் இங்கிலாந்தின் சர்ரேயில் வந்த கோமாரியில் அது வேறு விதமாக உதவியது. அந்த வைரஸின் வரிசை 1967இல் பிரிட்டனில் எடுத்த ஒன்றோடு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. நாற்பது வருடம் மாட்டிலிருந்து மாட்டுக்குப் போன வைரஸ் அப்படி மாறாமல் இருக்க வழியே இல்லை; உறைபெட்டியில் இருந்தால்தான் உண்டு. பக்கத்திலேயே கோமாரி ஆய்வுக்கூடமும் தடுப்பூசித் தயாரிப்பும் சேர்ந்திருந்த வளாகம் இருந்தது. கழிவுநீர்க் குழாயில் ஒழுகல்.

இன்று எங்கள் மாகாணத்தில்

2021 மே மாதம் குவாசூலு-நட்டாலின் வடக்கே கோமாரி மறுபடி வந்தது. இம்முறை சாட் 2. கப்பலைத் தேட வேண்டியதில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில் நாடு முழுக்க 21 நாளுக்கு மாட்டை இடம் மாற்றத் தடை போடுகிற அளவுக்கு மற்ற மாகாணங்களிலும் நோய் இருந்தது. கிராமங்களில் உண்ணிக்கு மருந்து முக்குகிற தொட்டியடியில்தான் மாடுகளைப் பார்க்க முடியும். மாதிரி எடுப்பதும் அங்கேதான். கல்யாணச் சீருக்கு மாடு போகும், கருமாதிக்கு மாடு போகும், ஏலத்துக்குப் போகும். நம் ஆட்களும் மாரியம்மன் பூசைக்கு எங்கெங்கிருந்தோ ஆடு பிடித்துவருகிறார்கள், ஆட்டுக்கும் இது வரும், வந்தாலும் வெளியே சரியாகத் தெரியாது. முழு வரிசை படிப்பது இப்போது சில நாள் வேலை. என் மேசைக்கு வருகிற படிவத்தில் ‘விலங்கை வாங்கிய இடம், தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்துக்கு ஏழு அது வெறுமையாக வருகிறது. வரிசை சுத்தமாக இருக்கும், கட்டம் வெள்ளையாக இருக்கும். அந்த ஏழும் படத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும், அங்கே எப்படி வந்தன என்று தெரியாது.

சென்ற புரட்டாசியில் கோயில் சாப்பாட்டில் சாம்பார் சோறு இரண்டு வாளி அளவுக்கு மிஞ்சிவிட்டது. பன்றி வளர்க்கிற ஜூலு இளைஞன் ஒருவன் பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். தன் வாளிகளைக் கொண்டுவந்து பின்வாசலில் நின்றான். பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்.

“புரட்டாசிச் சோறு தம்பி. கவுச்சி தொட்ட கரண்டிகூட உள்ளார வரல. அப்பிடியே குடுக்கலாமில்ல?”

“சோறு சரி பெரியம்மா. அவன் வாளியப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். அடியில் பழைய கொழுப்புப் படிந்து, அதில் ஒரு துண்டு எலும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. எதன் எலும்பு, எந்தக் கடை என்று அவனுக்கும் தெரியவில்லை. பெரியம்மா ஒன்றும் பேசாமல் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கோயிலின் பெரிய குண்டானில் தண்ணீர் ஏற்றினார். வாளிகளைக் கொதிநீரில் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் சோற்றை எடுத்தார்.